குப்பி எண் 204

"இன்னிக்காவது செத்துச்சா, டாக்டரம்மா?"

ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த ஒரு வருடமாகத் தினமும் காலையில் இதே விசாரணைதான்.

சாக வேண்டியவை 204 என்று எண் போட்ட குப்பியின் புற்றுநோய் செல்கள். யாரோ ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்தவை. புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் பிளாட்டினம் மருந்தையே விழுங்கி ஏப்பம் விட்டவை. அவற்றை மடக்கத்தான் டாக்டரம்மா பிளாட்டினத்துக்குப் பதில் செம்பு அணுவை நடுவில் வைத்துப் புது மருந்து செய்துகொண்டிருந்தாள். பதினேழு மருந்து மண்ணைக் கவ்வியாயிற்று. பதினெட்டாவதும் தோற்றால் ஆய்வுக்கே மூடுவிழா என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆய்வு நின்றால் வேலை போய்விடுமே என்ற பயம் அக்காவுக்கு என்று டாக்டரம்மா நினைத்தாள். பாத்திரத்தில் துளி உலோகம் ஒட்டியிருந்தாலும் முடிவு தப்பாகிவிடும் என்று ஒருமுறை சொன்னதுதான். அன்றிலிருந்து அக்கா எல்லாவற்றையும் அமிலத்தில் இரண்டு தடவை ஊறவைத்துக் கழுவினாள். ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. "வேளாவேளைக்கு நீங்களே ஊட்டி வளக்கறீங்க. அப்புறம் அது எப்படிச் சாகும்?" என்பாள்.

அன்று பதினெட்டாவது மருந்தின் முடிவைப் பார்க்க நுண்ணோக்கியில் குனிந்த டாக்டரம்மா நிமிரவே இல்லை. தட்டை மாற்றிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். 204 கூண்டோடு காலி. பக்கத்துத் தட்டில் அதே மருந்து போட்ட நல்ல செல்கள் நலமாக இருந்தன. சந்தோஷத்தில் அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வெகுநேரம் கண் எடுக்காமல் பார்த்தாள்.

"இதைக் கொடுத்தவங்களுக்குச் சொல்லணும்போல இருக்கு. ஆனா எங்களுக்கு நம்பர் மட்டும்தான் வரும், பேர் வராது" என்றாள் டாக்டரம்மா.

அக்கா தன் பையிலிருந்து நைந்துபோன ஆஸ்பத்திரி ஒப்புதல் சீட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மேலே இந்த ஆய்வகத்தின் பெயர் இருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து, அதன் பக்கத்தில் 204.

"எந்த மருந்துக்கும் அடங்கலைன்னு என்னை அறுத்துத்தான் எடுத்தாங்க. இது சாகறதைக் கண்ணால பாக்கணும்னுதான் இந்த வேலைக்கே வந்தேன்" என்று சிரித்தாள். "இன்னொரு தடவை பாத்துக்கட்டுமா?"