சோப்புத் தண்ணீருக்குச் சிக்காத கசிவு

2014 மே 12, திங்கட்கிழமை காலை. தென் ஆஸ்திரேலியா, போர்ட் அகஸ்டா. கிரேம் ட்ரெகென்சாவின் வீட்டு வாசலில் நின்றிருந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி மறுபடியும் தரையோடு படுத்திருந்தது.

அந்த வண்டிக்கு இரும்பு ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக ரப்பர் காற்றுப் பைகள்தான் அதைத் தாங்குகின்றன. காற்று இருக்கும்வரை கம்பீரமாக நிற்கும். போய்விட்டால், சுமை ஏற்ற உட்காரும் ஒட்டகம் மாதிரி வயிற்றைத் தரையில் வைத்துவிடும்.

கிரேம் குழாய் இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். கசிவு இருந்தால் குமிழி வர வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"கம்ப்ரஸர் புதுசு, பை புதுசு, வால்வும் புதுசு. இன்னும் எங்கேதான் ஒழுகுது?" என்றார்.

"உன் மண்டையில பாரு. அது ஒண்ணுதான் இன்னும் பழசு" என்றாள் அவர் மனைவி லொரெய்ன், காபிக் கோப்பையை நீட்டியபடி.

எங்கே ஒழுகுகிறது என்று லொரெய்னுக்குத் தெரியும். பின் சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டு, காற்றுக் குழாய் இணைப்பின் வளையத்தை அழுத்திக் குழாயை இழுத்தால் புஸ்ஸென்று காற்று போய்விடும். மறுபடி செருகிவிட்டால் தடயமே இருக்காது. காலைச் சாப்பாட்டு மேசையில் கிரேம் சத்தமாகப் போட்டுப் பார்க்கும் ரிப்பேர் வீடியோக்களிலிருந்து கற்றுக்கொண்டது. அவள் கை வைக்காத நாட்களிலும் வண்டி படுத்ததுண்டு. பழைய வண்டி, அதற்கும் சொந்தமாக ஒரு புத்தி இருக்குமே!

காரணம் இதுதான். கிரேமின் பணி ஓய்வு விருந்தில், வீட்டை விற்றுவிட்டு, வண்டிக்குப் பின்னால் ஒரு கேரவன் வீட்டை மாட்டிக்கொண்டு மிச்ச வாழ்நாள் முழுக்க நாட்டைச் சுற்றப் போகிறோம் என்று அவர் அறிவித்தபோது, அத்தனை பேர் முன்னாலும் லொரெய்ன் "சரி" என்று சொல்லித் தொலைத்திருந்தாள். கிரேம் அழுதேவிட்டார். அதன் பிறகு எந்த வாயால் மறுப்பது? ஒரு மடக்கு மேசை, எதிரே கிரேமின் முகம், ஜன்னலுக்கு வெளியே வெறும் செம்மண். நினைத்தாலே அவளுக்குக் குழாயைப் பிடுங்கத் தோன்றும்.

ஊரும் விடுவதாக இல்லை. பௌலிங் கிளப்பில் ஏற்கெனவே இரண்டு முறை வழியனுப்பு விருந்து நடந்துவிட்டது. மூன்றாவதற்குச் சுட்டுச் சாப்பிட இறைச்சி கொண்டுவர யாரும் தயாராக இல்லை.

"இந்த வாரம் முடிவு தெரிஞ்சிரும்" என்றார் கிரேம். "சனிக்கிழமை காலையில வண்டி நிமிர்ந்து நின்னா, வீட்டுத் தரகர் வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு போர்டு நட்டுருவார். வரச் சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை ஒரு முறை இழுத்தால் போதும் என்று லொரெய்ன் கணக்குப் போட்டாள்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த கான்ஸ்டபிள் பிரோடி வேலிக்கு மேல் தலையை நீட்டினான். துப்பறிய வழக்கு எதுவும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த பையன்.

"மேடம், கசிவே இல்லைன்னா யாரோ காத்தைப் புடுங்கி விடுறாங்கன்னு அர்த்தம். கிரேம்கிட்ட சொன்னேன். 'போடா, இது சென்சார் கோளாறு, உனக்கு என்ன தெரியும்'னு அடிக்காத குறையா விரட்டிட்டார்."

"அவர் அப்படித்தான்" என்றாள் லொரெய்ன்.

"அதான், உங்க வண்டியைப் பாக்குற மாதிரி இன்னைக்கு என் வேலியில ஒரு கேமரா மாட்டிட்டேன். அவர்கிட்ட மூச்சு விட்டுராதீங்க, ஊர் பூரா சொல்லிருவார்."

வெள்ளிக்கிழமை இரவு லொரெய்ன் படுக்கையை விட்டு அசையவில்லை. வீடு போயிற்று என்று முடிவு செய்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சனிக்கிழமை காலை திரையை விலக்கினாள். வண்டி வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது.

தரகர் போர்டும் கையுமாக அதைச் சுற்றி வந்தார். "இது நாட்டைச் சுத்துறது இருக்கட்டும், இந்தத் தெருவைச் சுத்துமா?" என்று கேட்டுவிட்டுப் போர்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். "துரோகி!" என்று கிரேம் வண்டியின் கூரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

சிறிது நேரத்தில் பிரோடி சீருடையில், கையில் போனோடு, கொல்லைப்புற வழியாகச் சமையலறைக்குள் வந்தான்.

"மாட்டிக்கிட்டான், மேடம்! மொகம் மட்டும் விழல."

படத்தில், முக்காடு போட்ட ஓர் உருவம் பின் சக்கரத்தருகே குந்தி, கையை உள்ளே விட்டது. வண்டி மெல்லத் தாழ்ந்தது. உருவம் எழுந்து டயரைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தது.

"பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். நடையிலயே தெரியுது" என்றான் பிரோடி. "காலைப் பாருங்க. கம்பளிச் செருப்பு! சத்தம் வரக் கூடாதுன்னு. தேர்ந்த கிரிமினல். இந்த ஆளை எங்கேயாவது பாத்திருக்கீங்களா?"

வெளியே கிரேம் விசிலடித்தபடி சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செருப்பைக் கிறிஸ்துமசுக்குக் கணவருக்கு வாங்கிக் கொடுத்து, அதன் கட்டைவிரல் ஓட்டையைப் போன வாரம் தைத்தும் கொடுத்திருந்த லொரெய்ன், அந்த ஆளைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்று போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்தாள்.