பக்கத்து சீட்

"கிளட்சை மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா! தவளை மாதிரி தாவுது பாரு வண்டி."

அம்மா சொல்லி முடிப்பதற்குள் கார் ஒரு குலுக்கு குலுக்கி நடுரோட்டில் அணைந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அவளுக்கு உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

"என்னால முடியாதும்மா."

"நேத்து வரைக்கும் முடிஞ்சுதுல்ல? நியூட்ரல் போடு. சாவியைத் திருப்பு. அவன் கத்தினா கத்தட்டும், நம்ம காசா கரையுது?"

வண்டி உயிர் பெற்று நகர்ந்தது. பின்சீட்டில் குழந்தை ஒருமுறை புரண்டு படுத்து மறுபடியும் தூங்கிப்போனது. அதன் காலடியில் அவசர அவசரமாகத் துணி திணித்த இரண்டு பைகள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் வண்டி பழகக் கிளம்புவது தெருவுக்கே தெரிந்த விஷயம். அதனால் இன்றைக்கும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வாசலில் வாடகைக் கார் வந்து நின்றிருந்தால், எதிர்க்கடைக்காரர் அப்போதே அவள் கணவனுக்குப் போன் போட்டிருப்பார்.

அம்மா ஒரு காலத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். இன்றைக்கும் அவளே ஓட்டியிருப்பாள். ஆனால் வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. வேறு வழியில்லாமல், பழகுநர் லைசென்ஸ் வைத்திருந்தவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்; முழு லைசென்ஸ் வைத்திருந்தவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

கைப்பேசி அலறியது. திரையில் அவன் பெயர்.

"வீட்டுக்கு வந்துட்டார் போலிருக்கு."

"எடுக்காதே. அவன் குரலைக் கேட்டா நீ வண்டியைத் திருப்பிடுவே. உன்னை எனக்குத் தெரியாதா? ரோட்டைப் பாரு."

அலறல் நின்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடியும் தொடங்கியது. அம்மா இடது கையால் கைப்பேசியைப் பிடுங்கி அதன் வாயை அடைத்தாள்.

முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு, ரயில் நிலையத்துக்கு இன்னும் ஒரு பாலம்தான் பாக்கி. அவள் அண்ணன் இருக்கும் ஊருக்குப் போகும் ரயிலைப் பிடித்துவிட்டால் போதும். பாலத்தின் வாயிலில் தடுப்புப் போட்டு ஒரு போக்குவரத்துக் காவலர் நின்றிருந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு 'எல்'லைப் பார்த்ததும் கையைக் காட்டினார்.

"லைசென்ஸ்?"

அவள் நீட்டினாள்.

"பழகுறீங்களா? பக்கத்துல இருக்கிறவங்க?"

"என்னுது இந்தாங்க சார்," என்றாள் அம்மா. "படம் பழசு. அப்போ தலை கறுப்பா இருந்துச்சு."

காவலர் சிரிக்கவில்லை. குனிந்து பின்சீட்டைப் பார்த்தார்.

"குழந்தை யாரு?"

"என் பொண்ணு சார்."

"பழகுற வண்டியில, கத்துக்கொடுக்கிறவரைத் தவிர வேற யாரையும் ஏத்தக் கூடாது. பெத்த பிள்ளையானாலும் கூடாது. சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க சார்."

"அப்புறம்? வண்டியை ஓரம் கட்டுங்க. குழந்தையோட அப்பாவுக்கு லைசென்ஸ் இருக்கில்ல? வரச் சொல்லுங்க. அவர் ஓட்டிட்டுப் போகட்டும்."

"அவர் வேண்டாம் சார்!"

அந்தக் குரல் காவலரை உற்றுப் பார்க்க வைத்தது. அவளைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார். பின்பக்கம் போய் வண்டி எண்ணைப் பார்த்தபடி வயர்லெஸ்ஸில் ஏதோ பேசினார். திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது.

"இந்த வண்டியைத்தான் தேடிட்டு இருக்காங்க. பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டாள்னு உங்க வீட்டுக்காரர் ஸ்டேஷன்ல உட்கார்ந்து அழுதாராம். இங்கே கிளம்பி வந்துட்டிருக்கார். அதுவரைக்கும் வண்டி நகராது."

பாலத்துக்கு அப்பால் ரயில் ஒன்று கூவியது. அது அவர்களுடைய ரயிலோ, வேறு ரயிலோ. அவள் ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். கட்டுப் போட்ட கையைக் காவலர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இது எப்படி ஒடிஞ்சதுன்னு ஸ்டேஷன்ல அழுதவன் சொன்னானா சார்? இவ தலைல விழ வேண்டிய அடி. நடுவுல போய் விழுந்தேன்."

காவலர் தொண்டையைச் செருமினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஏதோ ஆத்திரத்துல நடந்திருக்கும்மா. அதுக்காகக் குடும்பத்தைப் பிரிக்கலாமா? பொண்ணைப் பெத்தவங்க கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும். கையோட கூட்டிட்டு ஓடலாமா? மருமகன் மேல உங்களுக்கு என்னதான் கோபம் இருந்தாலும்..."

"மருமகன் இல்ல சார், அவன் என் மகன்," என்றாள் அம்மா. "மருமக இவ."

காவலர் இரண்டு லைசென்ஸையும் அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தானே போய்த் தடுப்பை இழுத்து ஓரம் கட்டினார்.