குண்டனுக்குப் பசி

“எதையாவது வளர்க்கணும்னா முதல்ல காது வேணும்டா, அப்புறம்...” அந்தப் பொம்மையை வாங்கித் தந்த அன்று அப்பா இப்படி என்னவோ சொன்னார். அப்புறம் என்ன வேண்டும் என்றாரோ, அவனுக்கு மறந்துவிட்டது.

பொம்மை மட்டும் அலமாரி மேல்தட்டில், பழைய பாடப் புத்தகங்களுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் முட்டை. நடுவில் சின்னத் திரை. திரைக்குள் புள்ளிகளால் ஆன ஒரு குஞ்சு. பசித்தால் கத்தும். பட்டனை அழுத்திச் சோறூட்டாவிட்டால் செத்துப்போகும். பத்து வயதில் அதற்கு அவன் வைத்த பெயர் குண்டன்.

கடைக்குப் போய் இரண்டு பேட்டரி உள்ள அட்டை வாங்கி வந்தான். ஒன்றைப் போட்டான்.

கீச் கீச்!

சமையலறையிலிருந்து அக்கா ஓடி வந்தாள். அவனைத் தாண்டி அம்மாவின் அறைக்குள் பாய்ந்தாள். திரும்பி வந்து அவன் கையைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

“என்னடா இது?”

“குண்டன்க்கா! ஞாபகமில்ல?”

“நாப்பது வயசுக் கழுதைக்குப் பொம்மை கேக்குதா? பேட்டரியைக் கழட்டு.”

“ஏன், இவன் ஒரு வாய் சாப்பிட்டா உன் வீட்டு அரிசி குறைஞ்சிடுமா?”

“கழட்டுன்னா கழட்டு!”

பிடுங்கி, கத்தி முனையால் நெம்பி, பேட்டரியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வெளிநாட்டிலிருந்து அவன் வந்து நாலு நாள்தான் ஆகிறது. இந்த நாலு நாளில் அக்கா சிரித்து அவன் பார்க்கவில்லை. இந்த வீட்டில் டி.வி. கூடாது. பாட்டு கூடாது. கதவைச் சத்தமாகச் சாத்தக் கூடாது. இப்போது பொம்மையும் கூடாது. மனுஷி இப்படியா கல்லாகிப் போவாள்?

அக்காவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. ஆறு மாதமாக ஒத்திப்போட்ட பல் டாக்டர். இன்று அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தான்.

“ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். ஆக்ஸிஜன் மெஷின் கத்தினா...”

“ஓடிப் போய்ப் பாக்கணும். எத்தனை தடவைக்கா சொல்லுவ? நானும் அம்மா பெத்த பிள்ளைதான். போ.”

அவள் தெருமுனை திரும்பியதும், அட்டையிலிருந்த இன்னொரு பேட்டரியைப் போட்டான்.

நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்து அம்மாவுக்குக் காட்டினான். மூக்கில் குழாயோடு அம்மா சிரித்தாள்.

“குண்டனா... இன்னும்... உயிரோட இருக்கானா?”

“யார் வளர்ப்பு!”

அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பொம்மையை ஹால் மேஜையில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனான்.

பேச்சு பாதியில் இருக்கும்போது கீச் கீச் என்று கேட்டது.

“அங்கே என்ன சத்தம்?” என்றார் மேலதிகாரி.

“நம்ம வீட்டுக் குழந்தை சார். பசி. கொஞ்ச நேரம் கத்தும், அப்புறம் தானா அடங்கிடும்.”

இருவரும் சிரித்தார்கள். பேச்சு நீண்டது.

அது அடங்கவில்லை.

ஒருவழியாகப் போனை வைத்துவிட்டு வந்து பொம்மையை எடுத்தான். குஞ்சு கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. காதோடு வைத்துப் பார்த்தான். அதிலிருந்து சத்தமே வரவில்லை.

கீச் கீச் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது.



உள்ளே ஓடினான். மெஷினில் சிவப்பு விளக்கு. அம்மாவின் உதடுகள் நீலமாக இருந்தன. வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு கை விரிப்பைப் பிறாண்டியது.

எந்தப் பட்டன்? எல்லாவற்றையும் அழுத்தினான். கத்தல் நிற்கவில்லை. அக்காவைக் கூப்பிடப் போனை எடுத்தான். அது நழுவிக் கட்டிலுக்கடியில் விழுந்தது.

எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தான். அவன் இழுத்துப் போட்ட நாற்காலியின் கால், ஆக்ஸிஜன் குழாயின் மேல்.

நாற்காலியை உதைத்துத் தள்ளினான். சத்தம் நின்றது. அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே நின்றான். நாற்பதுக்கு மேல் எண்ணிய பிறகுதான் உதட்டில் நிறம் திரும்பியது.

எவ்வளவு நேரம் கத்தியிருக்கும்? நாலு நிமிஷமா? பத்தா? அம்மாவுக்குத்தான் தெரியும்.

வாயில் பஞ்சோடு அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கத்துச்சா?”

சொன்னால், இந்த ஜென்மத்தில் அக்கா இனி வாசல்படி தாண்ட மாட்டாள். சொல்லாவிட்டால், அடுத்த முறையும் அவனை நம்பிப் போவாள்.

அம்மா முந்திக்கொண்டாள்.

“தம்பி... என் பக்கத்துலயே... இருந்தான். நகரவே... இல்ல.”

அக்கா அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பஞ்சை வாயிலிருந்து எடுத்தாள்.

“எவ்வளவு நேரம்டா கத்துச்சு?”

“அக்கா...”

“மூணு வருஷம் முன்னாடி மாடியில துணி காயப் போட்டுட்டிருந்தேன். அடுத்த வீட்டுக்காரி என்னவோ சொல்ல, விழுந்து விழுந்து சிரிச்சிட்டிருந்தேன். இது கத்தினது காதுல விழல. ஆஸ்பத்திரியில டாக்டர், ‘கூட யார் இருந்தா?’ன்னு கேட்டார். அம்மாதான் பதில் சொன்னாங்க. ‘மக என் பக்கத்துலயே இருந்தா, நகரவே இல்ல.’ வார்த்தை மாறாம இதையேதான்டா சொன்னாங்க.”

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை அவன் அலுவலகத்துக்கு எழுதினான்: இந்த வருடம் நான் திரும்பி வரவில்லை.