செருப்புக்கு ஒரு சீட்டு

"பக்கத்து ரூம்ல கூட்டமே இல்லக்கா. அந்த டாக்டரைப் பாத்துட்டுப் போங்களேன்" என்றாள் நர்ஸ், மூன்றாவது முறையாக.

"எனக்கு இந்த டாக்டரம்மாதான் வேணும். எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்."

வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு இவ்வளவு வீம்பா என்று நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். சுளித்தால் சுளிக்கட்டும். இன்னொரு நாள் லீவு கிடைக்காது. இன்றைக்கே கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு மணி நேரம் பெஞ்சை விட்டு அவள் நகரவில்லை.

ஈரத் தரையில் வெறுங்காலோடு வீட்டு வேலை செய்வதாகச் சொல்லி அவள் காட்டிய பாதங்களைப் பார்த்ததுமே டாக்டரம்மா பொரிந்து தள்ளினார்.

"வெறுங்காலோட நடந்தா வெயில்ல கொப்புளம், மழையில சேத்துப்புண், குளிர்ல வெடிப்பு. உங்களுக்குச் சர்க்கரை வேற! இந்தக் குளிர்ல ஈரக் கல்தரையில நிக்கிறீங்களே, சில்லுனு இல்லயா?"

"முன்னாடி இருந்துச்சு டாக்டர். இப்ப ரெண்டு மாசமா எதுவுமே தெரியல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டி வரும். நாளையிலேர்ந்து செருப்பு போட்டுக்கிட்டுதான் வேலை செய்யணும்."

"வீட்டுக்குள்ள செருப்பே கூடாதுன்னுட்டாங்க. புதுசா ஒரு ஜோடி வாங்கி உள்ளயே வெச்சுக்கறேன்னு எழுதி வெச்சேன். அதுக்கும் முடியாதுன்னு பதில்."

"எழுதி வெச்சீங்களா? நேர்ல கேக்க வேண்டியதுதானே?"

"நான் போறதுக்குள்ள அவங்க கிளம்பிடுவாங்க. ஆறு மாசத்துல என் முகத்தைக்கூடப் பாத்ததில்ல. சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கும். எதுவானாலும் ஃப்ரிட்ஜ் மேல சீட்டுதான்."

"மனுஷங்களா இவங்கள்லாம்!"

டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வெள்ளைத் தாளை இழுத்து, தன் கோழிக் கிறுக்கலில் விறுவிறுவென்று எழுதினார்.

'இவர் வீட்டுக்குள்ளும் செருப்பு அணிந்தே வேலை செய்ய வேண்டும். மறுப்பது மனிதத்தன்மையே அல்ல.'

"வேலையை விட்டு நிறுத்தினா என்கிட்ட வாங்க, நான் பேசறேன். யார் வீடுன்னு சொல்லுங்க, பேரையும் போட்டே குடுக்கறேன்."

வேலை போனாலும் போகட்டும், கால் வேண்டும். பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த ஃப்ரிட்ஜ் சீட்டை அவள் எடுத்துப் பிரித்து, டாக்டரம்மா எழுதிய தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

'செருப்பு வாசலோடு சரி. இனி இதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.'

இரண்டிலும் அதே கோழிக் கிறுக்கல்.