மூன்றாவது வேண்டாம்

மஸ்கட்டில் அமலதாசுக்கு விளையாட்டுக்குள்தான் வேலை. பணக்காரர்கள் விளையாடும் விண்வெளியில் அவர்களுக்கு முன்னால் கப்பலில் போய், எந்தக் கிரகம் தேறும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். 'தேறும்' என்றால் அவர்கள் வந்து தோண்டித் தீர்த்துவிடுவார்கள். மூன்று தடவை 'வேண்டாம்' விழுந்தால் கிரகத்தையே அழித்துவிடுவார்கள்.

சாம்பல் நிறக் கிரகம் என்றால் யாரும் ஸ்கேன் செய்வதில்லை; பார்த்ததுமே 'வேண்டாம்'தான். அன்றைக்கு வந்த சாம்பல் கிரகத்தில் ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. இரண்டையும் போட்டது தான்தான் என்று கண்டதும் ஏதோ உறுத்த, ஸ்கேன் பொத்தானை அழுத்திப் பிடித்தான்.

தரையில் ஒரு சின்ன வீடு தெரிந்தது. செத்தவர்களின் உருவங்கள் விளையாட்டுக்குள் உலவுவது புதிதல்ல. ஆனால் வாசலில் நின்றது, போன வருஷம் காய்ச்சலில் போன அவன் மகள் ஜெனோவா.

"அப்பா, இந்தப் பக்கம் ரெண்டு தடவ கப்பல் வந்துச்சு. கத்திக் கூப்பிட்டேன், நிக்காம போயிருச்சு. அது நீங்களாப்பா?"

அமலதாஸ் பொத்தானை இன்னும் அழுத்திப் பிடித்தான்.

பக்கத்து நாற்காலி சகாயம் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, சாம்பலப் போய் ஸ்கேன் பண்ணிக்கிட்டு? நாலு நிமிஷ வேலைக்கு நாப்பது நிமிஷமா? வேண்டாம் போட்டுத் தள்ளுங்க."

"இன்னும் முடியல தம்பி."

விரலை எடுத்தால் ஸ்கேன் முடிந்துவிடும்; 'தேறும்', 'வேண்டாம்' இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விரல் மரத்துப்போயிருந்தது.

"வெளியிலயே நிக்கிறீங்களே, உள்ள வாங்கப்பா" என்று ஜெனோவா கதவை அகலத் திறந்தாள்.