இன்னொரு எஸ்போசிட்டோ

"நீ யாருக்காகம்மா வந்திருக்கே?" என்று ஃபிலொமேனா கேட்டாள்.

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த பெண் தயங்கினாள். அவள் பெயர் ரெனாட்டா.

"எஸ்போசிட்டோ," என்றாள்.

"உன் ஆளும் எஸ்போசிட்டோவா? சரியாப் போச்சு. நேப்பிள்ஸ்ல கல்லை விட்டெறிஞ்சா ஒரு எஸ்போசிட்டோ தலையிலதான் விழும்."

துறைமுகத்தில் பழுதுபார்க்க நிறுத்தியிருந்த கப்பலில் காலையில் தீப்பிடித்திருந்தது. காயம்பட்டவர்களை இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்கள் யாரையும் உள்ளே விடவில்லை.

ஃபிலொமேனாவின் மகன்கள் இருவரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். பேசாமல் இருந்தால் அவளுக்குப் பயம் கூடியது. அதனால் பேசினாள்.

உள்ளே கிடந்த கணவனின் தாத்தாவுக்குத் தாத்தா, பிறந்த சூட்டோடு அநாதை இல்லத்துச் சுவரில் பதித்த சுழல்பெட்டியில் போடப்பட்ட பிள்ளை. வெளியே இருந்து வைத்துச் சுழற்றினால் கன்னியாஸ்திரீகள் உள்ளே எடுத்துக்கொள்வார்கள். அப்படி வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பெயர். எஸ்போசிட்டோ. வெளியே விடப்பட்டவன்.

"இன்னாரு பெத்ததுன்னு சொல்ல முடியாததுக்கு வச்ச பேரு. இப்போ பாரு, பாதி ஊரு அந்தப் பேருலதான் இருக்கு. எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, எங்களுக்குச் சொந்தம்னு ஒருத்தரும் கிடையாது, அதனால..."

அவள் முடிப்பதற்குள் ரெனாட்டா சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரி, பரவாயில்லை. அதனால ஊரே எங்க சொந்தம்னு அவரும் சிரிக்கத்தான் சொல்லுவாரு."

ஃபிலொமேனா தன் காப்பியில் பாதியை அவளுக்குக் கொடுத்தாள். "வேண்டாங்க்கா," என்று சொல்லிவிட்டு ரெனாட்டா வாங்கிக் குடித்தாள்.

கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கழற்றினார்.

"எஸ்போசிட்டோ குடும்பம்?"

இருவரும் எழுந்து நின்றார்கள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அனியெல்லோ எஸ்போசிட்டோ," என்றார் தணிந்த குரலில்.

ரெனாட்டா மெல்ல உட்கார்ந்தாள்.

எதிரே இருந்த பெரியவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அவளிடம் கிசுகிசுத்தார். "நீ கொடுத்துவச்சவம்மா."

டாக்டர் சொன்னது ஃபிலொமேனாவின் காதில் முழுதாக விழவில்லை. விழுந்தவரையில் போதுமாக இருந்தது. மகன்கள் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள். அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவே எழுந்து நின்றது. ரெனாட்டா மட்டும் எழவில்லை.

கணவனின் உடலைப் பார்க்க அவளைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெஞ்சைக் கடக்கும்போது ஃபிலொமேனா நின்றாள். ரெனாட்டாவின் கன்னத்தை இரு கைகளாலும் பிடித்தாள்.

"உன் ஆளாவது நல்லபடியா வீட்டுக்கு வரட்டும். நான் மாதாகிட்ட வேண்டிக்கிறேன்."

ரெனாட்டா தலையசைத்தாள். படிக்கட்டில் அழுகுரல் தேய்ந்து அடங்கும்வரை அசையாமல் இருந்தாள்.

வராந்தா காலியானது. கதவைப் பூட்ட வந்த நர்ஸ் அவளைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"நீங்களும் எஸ்போசிட்டோன்னுதானே எழுந்தீங்க? உள்ள வேற எஸ்போசிட்டோ யாரும் இல்லையேம்மா. அந்த ஒருத்தர்தான்."

"தெரியும்," என்றாள் ரெனாட்டா.

அதற்குப் பிறகுதான் அழுதாள்.