இரவல் குரல்

குவாத்தமாலாவை விட்டு அமெரிக்கா போனபோது எவெலியோவுக்கு வயது பத்தொன்பது. தான் தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தையே மேடையில் கேலி செய்து கூட்டத்தைச் சிரிக்க வைத்தான். பிறகு படங்களில் தோட்டக்காரன், திருடன், மறுபடியும் தோட்டக்காரன். இருபத்திரண்டு வருஷம் கழித்துத்தான் கதாநாயகன் ஆனான். அந்தப் படத்தை அவன் தாய்மொழியான ஸ்பானிஷில் டப் செய்து அவன் சொந்த ஊரிலும் திரையிட்டார்கள்.

பார்த்துவிட்டு வந்த அம்மா போனில் கேட்டாள்: "முகம் உன்னோடதுதான். பேசினது யாரப்பா?"

அடுத்த படத்துக்கு ஸ்பானிஷிலும் நானே பேசுவேன் என்று அடம்பிடித்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனான். நான்கு வரி பேசியதும் டப்பிங் இயக்குநர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. வெள்ளைக்காரர் யாரோ நம்ம பாஷையைப் பேசுற மாதிரி இருக்கு."

ஞாயிறு தவறாமல் அம்மாவோடு அந்தப் பாஷையில்தான் பேசுகிறான். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அவளை அழைத்தான்.

"நான் பேசுறது உனக்கு எப்படிம்மா இருக்கு?"

மறுமுனையில் எதையோ வதக்கிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா சொன்னாள்.

"எனக்குப் புரியுதுப்பா."